வைட்டமின் டி மாத்திரை போட்டால் புற்றுநோய் வராதா? தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை சொல்லும் பதில்

வைட்டமின் டி சாப்பிட்டால் புற்றுநோய் வராது என்று செல்போனில் ஒரு தகவல் வருகிறது. அடுத்த நாளே மருந்துக்கடையில் போய் அந்தப் பாக்கெட்டைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும்கூட இது நடக்கிறது. வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் காவிரி டெல்டாவில், சூரியன் இலவசமாகத் தரும் ஒரு சத்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அதே டெல்டாவிலிருந்து, கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டுடன் உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து, எழும்பூரில் இறங்கி, அடையாறு எங்கே என்று விசாரிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் தேடிப் போவது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அதைத் தொடங்கியவர் தஞ்சைக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

தேவதாசி முறையை எதிர்த்தவர் என்றுதான் அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் ஒரு டாக்டராக, சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். புற்றுநோயைத் தடுக்க முடியுமா, வந்துவிட்டால் பிழைக்க முடியுமா என்பது அவருக்குப் பாடப்புத்தகக் கேள்வி இல்லை. வீட்டில் நடந்த விஷயம். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், இன்றைய வைட்டமின் டி கேள்விக்கும் ஒரு தெளிவு கிடைக்கும்.

யார் இந்த முத்துலட்சுமி?

1886-ம் ஆண்டு ஜூலை 30-ம் தேதி, அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்த இரண்டு அடையாளங்களும் சேர்ந்துதான் முத்துலட்சுமியின் வாழ்க்கையைத் தீர்மானித்தன. அப்பாவால் படிப்பு கிடைத்தது. அம்மா வழியில் வந்த பேச்சையும் ஏச்சையும் தாங்க வேண்டியிருந்தது.

பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. முத்துலட்சுமியும் வீட்டில் இருந்தபடிதான் படித்து மெட்ரிகுலேஷன் தேர்ச்சி பெற்றார். அடுத்து கல்லூரி. ஊரில் இருந்ததோ ஆண்கள் மட்டும் படிக்கும் மகாராஜா கல்லூரி. ஒரு பெண் உள்ளே வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட்டு, அனுமதியும் உதவித்தொகையும் கொடுத்தார். வகுப்பில் முத்துலட்சுமி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் பதக்கங்களோடு பட்டம் பெற்று வெளியே வந்தார். இந்தியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற ஆரம்பகாலப் பெண்களில் அவர் ஒருவர். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனும் அவர்தான்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். 1914-ல் ஒரு மணப்பெண் இப்படி நிபந்தனை போட்டார் என்பதே பெரிய விஷயம்.

வெயில் படாத பெண்களுக்கு என்ன ஆனது?

வைட்டமின் டி கதை முத்துலட்சுமியின் காலத்தோடு சேரும் இடம் இதுதான்.

சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை இன்றைக்கும் பலர் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். கோஷா என்றால் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் திரைக்குள் வாழும் வழக்கம். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்ற பெண்களுக்காகவே 1885-ல் டாக்டர் மேரி ஷார்லிப் தொடங்கிய மருத்துவமனை அது.

திரைக்குள்ளேயே வாழ்ந்த பெண்களுக்கு வெயில் படவில்லை. வெயில் படாவிட்டால் தோலில் வைட்டமின் டி உருவாகாது. வைட்டமின் டி இல்லாவிட்டால், சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்பு சுண்ணாம்புச் சத்தைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. எலும்பு மெலிந்து வளையும். இடுப்பெலும்பு குறுகிப்போனால் பிரசவத்தில் குழந்தை வெளியே வர வழியில்லாமல் தாயும் குழந்தையும் ஆபத்தில் சிக்குவார்கள். காஷ்மீரில் வேலை பார்த்த பிரிட்டிஷ் பெண் மருத்துவர் கேத்லீன் வாகன், 1920-களில் இதைத்தான் எழுதினார். வயலில் வேலை செய்யும் ஏழைப் பெண்களைவிட, திரைக்குள் இருந்த பெண்களுக்கே இந்த எலும்பு நோய் அதிகம் என்று அவர் காட்டினார்.

இதே காலகட்டத்தில், 1922-ல், அமெரிக்க விஞ்ஞானி எல்மர் மெக்கல்லமின் குழு மீன் எண்ணெயில் இருந்த ஒரு சத்தைப் பிரித்து அடையாளம் கண்டது. குழந்தைகளின் கால் வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோயைக் குணப்படுத்திய அந்தச் சத்துக்கு வைட்டமின் டி என்று பெயர் வந்தது. எலும்புக்கு இது அவசியம் என்பதில் அன்றும் சந்தேகமில்லை, இன்றும் சந்தேகமில்லை.

தங்கையின் மரணம் எதை மாற்றியது?

அதற்கு அடுத்த ஆண்டு, 1923-ல், முத்துலட்சுமியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அக்கா ஒரு டாக்டர். அக்காவின் கணவரும் டாக்டர். சென்னையில் கிடைக்கக்கூடிய நல்ல வைத்தியர்கள் எல்லாரையும் தெரிந்த குடும்பம். அப்படியும் காப்பாற்ற முடியவில்லை. தங்கை பட்ட வலியைப் பக்கத்திலிருந்து பார்த்தார்.

புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை தென்னிந்தியாவில் அன்றைக்கு இல்லை. புற்றுநோய் என்றால் சாவுதான், அதற்கு எதற்கு ஆஸ்பத்திரி என்பதே பொதுவான நினைப்பு. நோயை வெளியே சொல்லவே வெட்கப்பட்ட காலம். சொல்லாததால் நோய் முற்றியது. முற்றியதால் செத்துப்போனார்கள். செத்துப்போனதால் இது பிழைக்க முடியாத நோய் என்று மறுபடியும் நம்பினார்கள். இந்தச் சுழலைத்தான் உடைக்க வேண்டும் என்று முத்துலட்சுமிக்குப் புரிந்தது.

1925-ல் அரசு உதவித்தொகையில் லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேல்பயிற்சி எடுத்தார். இன்று ராயல் மார்ஸ்டன் என்று அழைக்கப்படும் புற்றுநோய் மருத்துவமனையையும் பார்த்தார். புற்றுநோய்க்கென்றே தனியாக டாக்டர்கள், தனியாகக் கருவிகள், தனியாக ஆராய்ச்சி. இப்படி ஒன்று நம்ம ஊரில் ஏன் இல்லை என்ற கேள்வியோடு திரும்பினார். அது கட்டடமாக எழுவதற்குக் கிட்டத்தட்ட 30 வருஷம் ஆனது.

நடுவில் அவர் செய்தது என்ன? டெல்டாவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

லண்டனிலிருந்து திரும்பியதும் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். 1927-ல் அவையின் துணைத் தலைவராகவும் தேர்வானார்.

அங்கே அவர் எடுத்த பெரிய போராட்டம் தேவதாசி முறை ஒழிப்பு. இந்த முறைக்கும் காவிரி டெல்டாவுக்கும் ஆயிரம் வருஷத் தொடர்பு உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் பணி செய்ய ராஜராஜ சோழன் சோழநாட்டுக் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு வீடும், வருஷத்துக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததைக் கோயில் கல்வெட்டே சொல்கிறது. காலப்போக்கில் அந்த மரியாதை போய், சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டி அவர்களின் உடலை விற்கும் வழக்கமாக அது சீரழிந்தது.

பொட்டுக் கட்டுவதை நிறுத்தச் சொன்னால், கோயில் கொடுத்த மானிய நிலம் பறிபோய்விடுமே என்ற பயம் அந்தக் குடும்பங்களுக்கு இருந்தது. நெல் விளையும் பூமியில் நிலம்தானே வாழ்க்கை? இந்த முடிச்சை முத்துலட்சுமி சரியாகப் பிடித்தார். அவர் முயற்சியால் 1929-ல் வந்த சட்டத் திருத்தம், கோயில் ஊழியத்திலிருந்து அந்தப் பெண்களை விடுவித்து, நிலத்தை மட்டும் அவர்களிடமே விட்டது. பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் சட்டம் 1947-ல் வந்தது.

சட்டசபையில் அவர் பேசியபோது, டெல்டாவின் ஊர்களில் இதே விஷயத்தைப் பேசிக்கொண்டு போனவர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். ஒருவர் ஆங்கிலம் படித்த டாக்டர், இன்னொருவர் மேடைப் பேச்சாளர். இருவரும் பேசியது ஒரே பெண்களுக்காகத்தான். இன்றைக்குத் தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமியின் பெயரிலும், மாணவிகளின் உயர்கல்விக்கான உதவித் திட்டம் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரிலும் இருக்கின்றன.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத் தொண்டர்கள் திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம் வழியாக வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அடுத்த மாதம் காந்தி கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி தன் சட்டமன்றப் பதவியை விட்டுவிட்டார். பதவி போனதால் வேலை நிற்கவில்லை. அடைக்கலம் தேடி வந்த பெண்களுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு முறையாக மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்றும் அவர் சட்டசபையில் வலியுறுத்தினார். நோய் வந்து படுத்த பிறகு பார்ப்பதைவிட, நன்றாக இருக்கும்போதே பரிசோதித்துப் பார் என்பதுதான் அதன் பொருள். புற்றுநோய் விஷயத்தில் இன்றைக்கு டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதைத்தான்.

அடையாறு மருத்துவமனை எப்படி வந்தது?

இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதி மூலம் பணம் திரட்டினார் முத்துலட்சுமி. அவருக்கு அப்போது 60 வயதைத் தாண்டிவிட்டது. பொது மருத்துவமனைகளுக்கே பணம் இல்லை, பிழைக்காத நோய்க்குத் தனி மருத்துவமனையா என்ற கேள்வியைப் பல இடங்களில் சந்தித்தார். விடவில்லை.

1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி மருத்துவமனை செயல்படத் தொடங்கியது. தொடக்கத்தில் இருந்தவை வெறும் 12 படுக்கைகள். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியைப் புற்றுநோய் சிகிச்சைக்கென்றே பழக்கி, இந்த வேலையில் இறக்கினார். 1955-ல் டாக்டர் சாந்தா சேர்ந்தார். அரசு வேலையை விட்டுவிட்டு இந்தச் சின்ன மருத்துவமனைக்கு வந்த சாந்தா, 2021-ல் இறக்கும் வரை அதே வளாகத்தில்தான் வாழ்ந்தார்.

1956-ல் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சுக் கருவி வந்தது. ஆசியாவில் நிறுவப்பட்ட முதல் கோபால்ட் கருவி அது என்று சொல்லப்படுகிறது. முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது கிடைத்ததும் அதே ஆண்டுதான். பணம் இருக்கிறவர், இல்லாதவர் என்று பார்க்காமல் வைத்தியம் செய்ய வேண்டும் என்பது மருத்துவமனையின் கொள்கை. 1968 ஜூலை 22-ம் தேதி, 82-வது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்னால் அவர் காலமானார்.

சரி, வைட்டமின் டி-க்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

முத்துலட்சுமி இறந்து 12 வருஷம் கழித்து, 1980-ல், அமெரிக்காவில் சகோதரர்களான செட்ரிக் கார்லண்ட், ஃபிராங்க் கார்லண்ட் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெயில் அதிகமுள்ள மாநிலங்களில் பெருங்குடல் புற்றுநோய் மரணம் குறைவாகவும், வெயில் குறைந்த வட மாநிலங்களில் அதிகமாகவும் இருப்பதைக் கவனித்தார்கள். இதற்கு வைட்டமின் டி காரணமாக இருக்கலாம் என்று ஊகித்தார்கள்.

ஊகத்துக்கு அடிப்படை உண்டு. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டதும் தோல் வைட்டமின் டி-யைத் தயாரிக்கிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. எலும்பு, குடல் மட்டுமல்ல, உடம்பின் பல செல்களில் இந்த வைட்டமினை ஏற்றுக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. செல் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதை இது குறைக்கிறது என்று ஆய்வகச் சோதனைகளில் தெரிந்தது. புற்றுநோய் என்பதே செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுவதுதானே?

ஆனால் ஆய்வகக் கண்ணாடிக் குடுவையில் நடப்பது எல்லாம் மனித உடம்பிலும் நடக்கும் என்று சொல்ல முடியாது. வைட்டமின் டி குறைவாக இருந்ததால் நோய் வந்ததா, நோய் வந்து வீட்டுக்குள்ளேயே படுத்ததால் வைட்டமின் டி குறைந்ததா? இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, ஆயிரக்கணக்கானவர்களில் பாதிப் பேருக்கு வைட்டமினும், மீதிப் பேருக்குச் சத்தில்லாத மாத்திரையும் கொடுத்து வருஷக்கணக்கில் பார்ப்பதுதான்.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் நடந்த வைட்டல் ஆய்வில் 25,871 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினருக்குத் தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி, 5 வருஷத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டது. 2018-ல் முடிவு வந்தது. வைட்டமின் டி எடுத்தவர்களில் 793 பேருக்குப் புற்றுநோய். எடுக்காத பிரிவில் 824 பேருக்கு. இந்தச் சின்ன வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. அதாவது, புற்றுநோய் வருவதை மாத்திரை தடுக்கவில்லை.

ஒரே ஒரு நம்பிக்கைக் கீற்று இருந்தது. புற்றுநோயால் இறந்தவர்கள் வைட்டமின் பிரிவில் 154 பேர், மற்ற பிரிவில் 187 பேர். மருந்து வேலை செய்ய நேரம் எடுக்கும் என்று முதல் ஒன்றிரண்டு வருஷங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தபோது, மரணம் குறைந்தது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நோயைத் தடுக்காவிட்டாலும், வந்த நோயின் வேகத்தைக் குறைக்குமோ என்ற கேள்வி இதிலிருந்துதான் வந்தது.

அடுத்து ஆஸ்திரேலியாவில் நடந்த டி-ஹெல்த் ஆய்வு. 60 வயதுக்கு மேற்பட்ட 21,315 பேர். ஒரு பிரிவினருக்கு மாதம் ஒருமுறை 60,000 யூனிட், 5 வருஷம். நம்ம ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் விற்கும் பாக்கெட்டின் அளவும் இதே 60,000 யூனிட்தான். 2022-ல் வந்த முடிவில், மொத்த மரணமும் குறையவில்லை, புற்றுநோய் மரணமும் குறையவில்லை.

ஆக, ஏற்கெனவே ஓரளவு சத்து இருப்பவர்கள் புற்றுநோய்க்குப் பயந்து வைட்டமின் டி சாப்பிடுவதால், அந்த நோய் வராமல் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மரணத்தைக் குறைக்குமா என்பது இன்னும் முடியாத கேள்வி.

வைட்டமின் தானே, சாப்பிட்டால் என்ன கெட்டுப்போகும்?

இதற்குப் பதில் சொல்ல, முத்துலட்சுமி படித்த அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் அவருக்குப் பின்னால் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் கதை உதவும். ஆந்திராவின் பீமாவரத்தில் பிறந்து அமெரிக்கா போன சுப்பாராவின் குழு, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமினை ஆய்வகத்தில் தயாரித்தது. பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அந்த வகை மருந்தை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை. வேகமெடுத்தது. அப்படியானால் அந்த வைட்டமினைத் தடுத்தால் நோய் அடங்குமா என்று யோசித்தார்கள். சுப்பாராவ் குழு அதற்கான எதிர்மருந்தைத் தயாரித்துக் கொடுக்க, 1948-ல் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் தற்காலிகமாக அடங்கியது. இன்றும் பயன்படும் மெத்தோட்ரெக்ஸேட் அந்த வழியில் வந்த மருந்துதான்.

இன்னொரு உதாரணம் பின்லாந்து. புகைபிடிக்கும் 29,133 ஆண்கள் பங்கேற்ற ஆய்வில், கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நினைத்தார்கள். 1994-ல் வந்த முடிவில் அது 18 சதவீதம் கூடியிருந்தது.

வைட்டமின் டி-யையும் அளவுக்கு மேல் எடுத்தால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, அதிக தாகம், குழப்பம், சிறுநீரகக் கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகலாம். டாக்டர் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுத்த பாக்கெட்டை, நன்றாகத்தானே இருக்கிறது என்று மாதக்கணக்கில் தொடர்வது ஆபத்து.

அப்படின்னா வைட்டமின் டி வேண்டாமா?

வேண்டும். எலும்புக்கும் தசைக்கும் வேண்டும். வெயில் நாடான இந்தியாவிலேயே குறைபாடு பரவலாக இருக்கிறது. காலையில் கடைக்குள் போய் இரவில் வெளியே வருகிறவர்கள், வீட்டை விட்டு இறங்காத வயதானவர்கள், உடல் முழுக்க மூடியபடி இருப்பவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். கறுத்த தோலுக்கு, வெளுத்த தோலைவிட அதிக நேரம் வெயில் தேவை. கை, கால், முகத்தில் வெயில் படும்படி தினமும் கொஞ்ச நேரம் வெளியில் இருப்பது நல்லது. மீன், முட்டை மஞ்சள் கரு ஆகியவற்றிலும் ஓரளவு கிடைக்கும். உடம்பு வலி, எலும்பு வலி தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை செய்து, குறைவு என்றால் டாக்டர் சொல்லும் அளவில் மருந்து எடுக்கலாம். குறைபாட்டைச் சரிசெய்யும் மருந்து அது. புற்றுநோய்க்குப் போட்ட வேலி இல்லை.

டெல்டாவில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

ஜூன் மாதம் மேட்டூர் திறந்து, குறுவை நடவு தொடங்கும்போது வயலில் பாருங்கள். காலையிலிருந்து வெயிலில் குனிந்து நாற்று நடுகிறார்கள் பெண்கள். வெயிலுக்கு அவர்களிடம் பஞ்சமே இல்லை. ஆனால் அவர்களில் சிலரின் கன்னத்தில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு ஒரு துண்டுப் புகையிலையும் அடங்கியிருக்கும். பசியை மறக்க, களைப்பை மறக்கப் போட்டுக்கொள்வது.

கும்பகோணம் வெற்றிலைக்கும் வேதாரண்யம் புகையிலைக்கும் பெயர்பெற்ற பகுதி இது. வெறும் வெற்றிலை மீது குற்றமில்லை. புகையிலையும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. கன்னத்தில் அடக்கும் இடத்திலேயே புண் வந்து, அது வாய்ப் புற்றுநோயாக மாறலாம். நாள் முழுக்க வெயிலில் நின்றாலும் அந்த வைட்டமின் டி இதைத் தடுக்காது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் அப்படித்தான். எச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. பல வருஷம் மெதுவாக வளர்வதால், முன்கூட்டியே கண்டுபிடித்துச் சரிசெய்யவும் முடியும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் இலவசம். ஆனால் வெட்கத்தாலும், ஒருநாள் கூலி போய்விடுமே என்பதாலும் பலர் போவதில்லை. முத்துலட்சுமி 100 வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே சுழல் இன்னும் முழுசாக உடையவில்லை.

எந்த அறிகுறி வந்தால் தள்ளிப்போடக் கூடாது?

• வாயில் 2, 3 வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயைத் திறக்க முடியாத இறுக்கம்
• மார்பில் கட்டி, தோல் சுருக்கம், காம்பில் ரத்தக் கசிவு
• மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, இடைப்பட்ட நாட்களில் அல்லது தாம்பத்திய உறவுக்குப் பின் ரத்தப்போக்கு
• மலத்தில் ரத்தம், மலம் கழிக்கும் பழக்கத்தில் தொடர்ந்து மாற்றம்
• காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் குரல் கம்மல், விழுங்கச் சிரமம்

இவை எல்லாமே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் வேறு காரணமாக இருக்கும். அது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் பரிசோதனைக்கு அடையாறு வரை போக வேண்டிய அவசியமும் இல்லை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

முத்துலட்சுமி பிறந்த ஜூலை 30-ஐத் தமிழக அரசு மருத்துவமனை தினமாக அறிவித்திருக்கிறது. அவர் தங்கைக்கு 1923-ல் போக ஒரு இடம் இருக்கவில்லை. இன்று டெல்டாவில் எந்த ஊரிலிருந்தும் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு டாக்டர் இருக்கிறார். அம்மாவோ அத்தையோ வாயில் ஒரு புண் என்று சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தால், மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். அவர்களை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.